தோற்கும் கால்பந்து அணிக்கு ஆள் எடுப்பது: அறிகுறி பார்த்துக் குறை தீர்க்கும் வழி

அணி தொடர்ந்து தோற்றால் குமரி மாவட்டத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "ஃபார்வர்டுல நல்ல ஆளா ஒருத்தனை இறக்குங்க" என்பதுதான். பல அணிகளில் குறை அங்கே இருப்பதில்லை. இருக்கிற ஆள் ஆட்டத்தன்று கரையில் இல்லை, அல்லது அவரைப் பொருந்தாத இடத்தில் நிறுத்தியிருக்கிறோம், அல்லது செலக்‌ஷனில் எடுத்ததே தவறான ஆள். ஒவ்வொன்றுக்கும் தேடவேண்டிய ஆள் வேறு. அதனால் எந்தக் கரைக்கு, அதாவது எந்தக் கடற்கரை ஊருக்குப் போவது, எந்தப் பள்ளியில் கேட்பது என்று முடிவெடுக்கும் முன், கடைசிப் பத்து ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஆட்டத்துக்கு நான்கு விவரம் போதும். வாங்கிய கோல் எந்த நிமிடத்தில், எப்படி விழுந்தது. நாம் எத்தனை தடவை கோலைப் பார்த்து அடித்தோம், அதில் பெனால்டி பாக்ஸுக்குள் இருந்து எத்தனை. முதல் பதினொன்றில் யார் யார். வராதவர் ஏன் வரவில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு கீழே உள்ள அறிகுறிகளில் எது உங்களுடையது என்று பாருங்கள். இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் முதலில் உள்ளதிலிருந்து தொடங்குங்கள். அது தீராமல் மற்றது தீராது.

அறிகுறி: வாராவாரம் வேறு பதினொன்று

பத்தில் எட்டு ஆட்டமாவது ஆடியவர்களை எண்ணுங்கள். ஏழு பேருக்குக் குறைவு என்றால் புது ஆள் எத்தனை பேர் வந்தாலும் இதே கதைதான். குறை காலண்டரில் இருக்கிறது.

தூத்தூர் வட்டாரத்தின் எட்டுக் கரைகளிலும் பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்கல் தொழில்தான் பெரிது. போட்டில் போனவர் திரும்ப ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். சின்னமுட்டம் விசைப்படகில் போகிறவர் விடியும் முன் போய் இரவில் கரை சேர்வார். வீட்டில்தான் தூங்குவார், ஆனால் மாலைப் பயிற்சிக்கு வர முடியாது. குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரருக்கு விடியற்காலைப் பயிற்சி என்றால் முடியவே முடியாது. மாலை 4 மணி என்றால் ஒருநாளும் தவறமாட்டார். பிளஸ் டூ பையன் ஜனவரியிலிருந்து மார்ச் தேர்வு முடியும்வரை பாதி ஆள்தான். கல்லூரிப் பையனுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர். டிசம்பர் 3-இல் முடியும் கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களில் பாதி அணியைக் கூட்டுவதே கஷ்டம். இதற்கெல்லாம் மேலே, நவம்பரிலிருந்து மே வரை கேரளத்து மலப்புறத்தில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி. கையில் காசு கிடைக்கும் இடத்துக்கு ஆள் போவது இயல்பு. அதற்காகப் பையனைத் திட்டிப் பயனில்லை.

செய்ய வேண்டியது: ஒரு சார்ட் தாளில் மேலே 12 மாதம், பக்கத்தில் 22 பெயர். வர முடியாத மாதங்களைக் கறுத்து விடுங்கள். எந்த மாதத்தில் எந்த இடம் வெறுமையாகிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒரு விதியைப் பிடிவாதமாகப் பின்பற்றுங்கள்: ஒரே இடத்துக்கு வைத்திருக்கும் இரண்டு பேர் ஒரே தொழிலில் இருக்கக் கூடாது. இடது பேக் ஒருவர் போட்டுக்குப் போகிறவர் என்றால் மற்றவர் கல்லூரி மாணவராகவோ கொத்தனாராகவோ கடையில் நிற்பவராகவோ இருக்கட்டும். திறமையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. பத்தில் ஒன்பது ஆட்டம் வருகிற சுமாரான ஆள், பத்தில் மூன்று வருகிற கெட்டிக்காரரைவிட ஒரு சீசனில் அதிகம் தருவார்.

செலக்‌ஷன் நாளையும் இதை வைத்தே குறிக்க வேண்டும். கிழக்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் மாவட்டம் இரண்டிலும் கால் வைத்திருப்பதால், கிழக்குக் கரைச் சின்னமுட்டத்து ஆளும் மேற்குக் கரைத் தேங்காப்பட்டணத்து ஆளும் ஒரே நேரத்தில் தொழிலில்லாமல் கரையில் இருப்பது ஜூன் முதல் இரண்டு வாரம்தான். செலக்‌ஷன் அந்த இரண்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். மழை பெய்தாலும் தள்ளிப் போடாதீர்கள். தடை விசைப்படகுக்குத்தான். வள்ளத்தில் (சிறு நாட்டுப்படகில்) போகிறவர்கள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள், அவர்களுக்கு மாலை நேரம் கொடுங்கள்.

ஆளை எடுக்கும் முன் வீட்டில் கேட்டுவிட வேண்டும். பையனிடம் கேட்டால் "வாறேன் சார்" என்றுதான் சொல்வான். அவன் அப்பாவிடம் நேராகக் கேளுங்கள்: "அண்ணே, இந்த வருசம் பையனைத் தங்கலுக்கு அனுப்புற எண்ணம் உண்டா? வெளிநாட்டு விசாவுக்கு ஏதும் கொடுத்திருக்கீங்களா?" "பாஸ்போர்ட் வந்தாச்சு" என்று பதில் வந்தால் அவரை உத்தேச ஆளாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்துக்கு இன்னொருவரைத் தேடுங்கள்.

அறிகுறி: கடைசி இருபது நிமிடத்தில் கோல் விழுகிறது

வாங்கிய கோல்களை 10 நிமிடக் கூறாகப் பிரித்துப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 70-ஆம் நிமிடத்துக்குப் பிறகு என்றால் மூச்சுத் தாங்குகிறதா என்று பார்க்கும் யோ-யோ சோதனை வையுங்கள். 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்ப வேண்டும். பிறகு 10 விநாடி ஓய்வு. அதில் 5 மீட்டர் நடந்து திரும்பலாம். பீப் ஒலி வேகம் கூடிக்கொண்டே போகும், அதற்கு ஈடுகொடுக்க முடியாதவர் விழுந்தார் என்று கணக்கு. ஒலிக்கோப்பு கைப்பேசிச் செயலியில் கிடைக்கிறது, மூன்று கூம்பும் ஒரு ஸ்பீக்கரும் போதும்.

முதல் பதினொன்றே சீக்கிரம் விழுந்தால் ஆள் எடுக்க வேண்டாம், பயிற்சியைச் சரிசெய்யுங்கள். பதினொன்று தாங்கி, பெஞ்ச் விழுந்தால் நடுக்களத்துக்கு இரண்டு பேர் தேவை. அதிகம் ஓடுவது அங்கேதான். இரண்டும் தேறியும் கோல் விழுகிறதென்றால் மாற்றாளை 85-ஆம் நிமிடத்தில் இறக்குகிறீர்கள் என்று அர்த்தம், 60-இல் இறக்குங்கள். இன்னொன்றையும் பாருங்கள்: கொல்லங்கோட்டிலிருந்து காலைச் சாப்பாட்டோடு பஸ் ஏறி வந்தவர் மூன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு வெறும் வயிற்றில் நிற்கக் கூடாது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு சோறு, ஒரு மணி நேரம் முன்பு இரண்டு மட்டிப்பழம்.

அறிகுறி: கார்னரிலும் கிராஸிலும் கோல்

கோலியா, ஸ்டாப்பரா (நடுவில் நிற்கும் பேக்) என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பந்து கோலிலிருந்து 5.5 மீட்டர் தூரத்தில் உள்ள சிறிய பெட்டிக்குள் விழுந்து கோலானால் கோலி வெளியே வரவில்லை. அதற்கு வெளியே தலையால் முட்டிய கோல் என்றால் ஸ்டாப்பர் ஆளை விட்டுவிட்டார்.

செவன்ஸில் வளர்ந்த கோலிகளுக்கு இது பொதுவான குறை. அங்கே கோல்முகம் சிறிது. காலால் தடுப்பதும் பக்கத்தில் நின்று அடிப்பதைப் பிடிப்பதும் நன்றாக வரும். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரமுள்ள முழுக் கோலில் நிற்கும்போது கோட்டிலேயே ஒட்டிக்கொள்வார்கள். எனவே கோலி தேடும்போது ஷூட்டிங் வைத்துச் சோதிக்காதீர்கள். வலமும் இடமுமாக 20 கிராஸ், கோலிக்கு முன்னால் இரண்டு ஆளை நிறுத்தி. எத்தனை பந்துக்கு முதல் அடியை முன்னால் வைத்தார், எத்தனைக்குச் சத்தம் கொடுத்தார் என்று மட்டும் எண்ணுங்கள். பிடி நழுவியதை எண்ண வேண்டாம். பிடி பழக்கத்தில் வரும், தைரியம் வர நாளாகும்.

கோலி கிடைக்கவே இல்லையென்றால் வாலிபால் களத்துக்குப் போங்கள். நம் ஊர்களில் வாலிபால் ஆடும் உயரமான பையன்களுக்குப் பஞ்சமில்லை. மேலே வரும் பந்துக்கு எப்போது எழும்ப வேண்டும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே இருக்கிறது. தரையில் விழுவதும் கோல் கிக்கும் பழகக் குறைந்தது ஒரு சீசன் ஆகும். அதுவரை பழைய கோலியை அனுப்பிவிடாதீர்கள்.

ஸ்டாப்பருக்கு உயரத்தைவிடத் திரும்பும் வேகம் முக்கியம். பின்னோக்கி ஓடிக்கொண்டே தலையால் முட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் நன்றாக முட்டுகிறவர்களில் பலர் இதில் தடுமாறுவார்கள்.

அறிகுறி: செவன்ஸில் புலி, லெவன்ஸில் ஆளையே காணோம்

குமரியில் ஆள் எடுக்கிறவர்கள் ஏமாறும் இடம் இது. கிறிஸ்துமஸ் நேரத்துச் செவன்ஸ் போட்டியில் மூன்று பேரைத் தாண்டி அடித்த பையனைப் பார்த்து, அங்கேயே கையைப் பிடித்து அழைத்து வருகிறோம். பதினொரு பேர் ஆடும் லெவன்ஸில், முழு மைதானத்தில், அவன் தொலைந்து போகிறான். பையன் மேல் தப்பில்லை. செவன்ஸில் பல இடங்களில் ஆஃப்சைடு கிடையாது, மைதானம் சிறிது, மூச்சு வாங்கினால் வெளியே வந்துவிட்டுத் திரும்ப இறங்கலாம். கோலுக்குப் பக்கத்தில் காத்து நிற்பது அங்கே புத்திசாலித்தனம். லெவன்ஸில் அதே இடத்தில் நின்றால் ஆட்டத்துக்கு ஆறு தடவை கொடி தூக்குவார்கள்.

எடுக்கும் முன் முழு மைதானத்தில் 30 நிமிடம் ஆட வையுங்கள், அதுவும் ஃபார்வர்டில் இல்லை, நடுக்களத்தில் வலது ஹாஃபில். இரண்டு விஷயம் எண்ணினால் போதும். பந்து காலுக்கு வரும் முன் எத்தனை தடவை தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்தான்? பந்தைப் பறிகொடுத்த பிறகு ஐந்து விநாடிக்குள் பின்னால் ஓடினானா, இடுப்பில் கை வைத்து நின்றானா? முதலாவது குறைந்தால் சொல்லிக் கொடுக்கலாம். இரண்டாவது இல்லையென்றால், எவ்வளவு அழகாகப் பந்தைக் கடத்திப் போனாலும், தோற்றுக்கொண்டிருக்கும் அணிக்கு அவன் இப்போது வேண்டாம். ஜெயிக்கும் அணி அப்படி ஒருவனைச் சுமக்கும். உங்களால் முடியாது.

செவன்ஸிலிருந்து நன்றாக மாறிவருகிறவர்கள் தற்காப்பு ஹாஃபும், திரும்ப ஓடிவரும் விங்கரும். நெருக்கத்தில் பந்தைக் காப்பாற்றத் தெரிந்தவர் நடுக்களத்துக்குப் பொன். ஃபார்வர்டை எடுத்தே தீர வேண்டும் என்றால், ஆறு வாரம் ஆஃப்சைடு கோடு வைத்துப் பயிற்சி கொடுத்து, அதுவரை கடைசி அரை மணி நேர மாற்றாளாக மட்டும் இறக்குங்கள். எதிரணி களைத்து இடைவெளி விடும் நேரம் அது.

உடம்பையும் பாருங்கள். மலப்புறத்தில் வாரத்துக்கு மூன்று நாலு ஆட்டம் ஆடிவிட்டு மே மாதம் திரும்பும் பையனின் கணுக்காலும் முட்டியும் முழுதாக இருக்காது. ஒற்றைக் காலில் பத்துத் துள்ளல், பிறகு மறுகாலில் பத்து. தூரம் கண்ணுக்குத் தெரியும்படி வித்தியாசப்பட்டால் பிசியோதெரபிஸ்ட் பார்த்த பிறகே களத்தில் இறக்க வேண்டும்.

அறிகுறி: பந்து நம்மிடம், கோல் அவர்களுக்கு

தாளில் எழுதிய ஷாட் கணக்கைப் பாருங்கள். பெரும்பகுதி பாக்ஸுக்கு வெளியிலிருந்து என்றால் ஃபார்வர்டு குற்றவாளி இல்லை, பந்து அவருக்குப் போய்ச் சேரவில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் இடதுபுறம். வலது காலனை இடது விங்கில் நிறுத்தினால், கிராஸ் போடவேண்டிய இடத்தில் உள்ளே வெட்டி வந்து கூட்டத்தில் முட்டுவார். இடது காலன் அபூர்வம். எந்தப் பள்ளியின் பி.இ.டி. (உடற்கல்வி) சாரைப் பார்த்தாலும் முதல் கேள்வியாக "இடது கால் பையன் உண்டா சார்?" என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பில் இருந்தாலும் பெயரை எழுதி வையுங்கள்.

அறிகுறி: செலக்‌ஷனுக்கு எழுபது பேர் வந்தும் எடுத்தவர்கள் தேறவில்லை

செலக்‌ஷன் நடத்திய விதத்தில் குறை. ஒரே காலையில் நூறு மீட்டர் ஓட்டம், பந்தைத் தட்டிக் காட்டுதல், கடைசியில் பத்து நிமிடக் கூட்டாட்டம் என்று நடத்தினால், வளர்ந்த பையன்களும் தனித்திறமைக்காரர்களும்தான் கண்ணில் படுவார்கள்.

வயதுப் பிரிவுக்கு வெட்டும் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள், இடையில் ஏறக்குறைய ஒரு வருட வளர்ச்சி. ஆண்பிள்ளைகள் வேகமாக உயர்வது பெரும்பாலும் 14 வயதை ஒட்டி. சிலருக்கு ஒரு வருடம் முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆகவே பதிவுத் தாளில் உயரத்துக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தையும் எழுதுங்கள். குட்டையாக இருந்தும் இடம் பார்த்து நிற்கத் தெரிந்த அக்டோபர், நவம்பர்ப் பையனை விட்டுவிட்டால் இரண்டு வருடம் கழித்து அவன் எதிரணியில் வந்து நிற்பான்.

மூன்று மாலை ஒதுக்குங்கள். முதல் நாள் 30-க்கு 20 மீட்டரில் சின்னச் சின்ன மைதானம், கோலி இல்லாமல் ஐந்துக்கு ஐந்து, நான்கு நிமிட ஆட்டம், ஒவ்வொரு முறையும் கூட்டாளிகளை மாற்றி எட்டுச் சுற்று. யார் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் அந்தக் கூட்டம் ஜெயிக்கிறதோ அவனைக் கவனியுங்கள். எழுபது முப்பதாகும். இரண்டாம் நாள் முழு மைதானம், அவன் சொல்லும் இடத்தில் 25 நிமிடம், நீங்கள் சொல்லும் இடத்தில் 25 நிமிடம். மூன்றாம் மாலையை ஒரு வாரம் தள்ளி வைத்து, உங்கள் அணியோடு கலந்து ஆட விடுங்கள். இடையில் சொல்லிக் கொடுத்த ஒன்றை நினைவில் வைத்து வந்தானா என்பது அங்கே தெரியும்.

பார்ப்பவர் இரண்டு பேர், தனித்தனித் தாள், முடியும்வரை ஒருவருக்கொருவர் பேசக் கூடாது. இருவர் தாளிலும் உள்ளவனை எடுங்கள், ஒருவர் தாளில் மட்டும் இருப்பவனை மூன்றாம் நாளில் திரும்பப் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களையும் அப்பாக்களையும் மைதானத்தின் மறுபக்கம் உட்கார வைப்பது எல்லோருக்கும் நல்லது.

கடற்கரை மணலில் ஆடிப் பழகிய பையன்களுக்குத் தனியாக ஒரு கணக்கு உண்டு. மணலில் பந்து உருளாது. அதனால் பந்தைத் தூக்கியே ஆடுவார்கள். கெட்டித் தரையில் முதல் நாள் ஒவ்வொரு பந்தும் இரண்டடி தள்ளிப் போகும். அதைப் பார்த்துக் கழித்துவிடாதீர்கள். கால் வலுவும், காற்றில் வரும் பந்தை அடக்கும் லாவகமும் அவர்களிடம்தான். பலர் பூட்ஸ் போட்டே இருக்க மாட்டார்கள். பூட்ஸ் இல்லாத பையன் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவான். அதனால் 6 முதல் 9 வரை சைசில் எட்டுப் பத்து ஜோடி கையில் வைத்துக்கொண்டு, "பூட்ஸ் கிரவுண்டில் தரப்படும்" என்று அறிவிப்பிலேயே போடுங்கள்.

அறிவிப்பு சுவரொட்டியோடு நிற்கக் கூடாது. ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பங்குக் கோவிலில் வாசிக்கச் சொல்லுங்கள். குளச்சல், தேங்காப்பட்டணத்தில் ஜமாஅத்திலும், உள்நாட்டு ஊர்களில் வாசகசாலையிலும் கேளுங்கள். தூத்தூர் புனித யூதா கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி கல்லூரி, நாகர்கோவில் ஸ்காட் கல்லூரி உடற்கல்வித் துறைகளுக்கு நேரில் போவது உத்தமம். கல்லூரி அணியில் இடம் கிடைக்காத பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது ஆளின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். ஆடத் துடித்துக்கொண்டு இருப்பவர் அவர்தான்.

அறிகுறி: சேர்ந்த பையன்கள் இரண்டு மாதத்தில் நின்றுவிடுகிறார்கள்

பையன் "படிப்பு சார்" என்பான். பெரும்பாலும் பஸ் காசு, கடைசி பஸ், காலில் கொப்புளம், பெஞ்சிலேயே உட்கார்ந்தது ஆகிய நான்கில் ஒன்று.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை நம் கடற்கரையே 72 கிலோமீட்டர். நீரோடிப் பையன் நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்துக்கு வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வாரத்தில் நான்கு நாள் அவனை இழுக்காதீர்கள். செவ்வாய் மேற்கே ஒரு கிரவுண்டில், வியாழன் நாகர்கோவில் பக்கம், அருகில் இருப்பவர்கள் அந்தந்த நாள். ஞாயிறு மட்டும் எல்லோரும். மாலைப் பயிற்சி ஆறு மணிக்கு முடிந்தாக வேண்டும். பஸ் காசு எல்லோருக்கும் கொடுங்கள், இல்லையென்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு மட்டும் மறைவாகக் கொடுத்த பணம் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதன் பிறகு வராமல் நின்றுவிடுகிறவர்கள் மற்றவர்கள்.

வெறுங்காலில் ஆடியவனுக்கு முதல் வாரம் பூட்ஸ் 20 நிமிடம் மட்டும், மீதி கேன்வாஸ் ஷூவில். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினால் மூன்று வாரத்தில் பழகிவிடும். முதல் மூன்று ஆட்டத்தில் ஒன்றிலாவது புதுப் பையனை அரை மணி நேரம் இறக்குங்கள், தோற்றுக்கொண்டிருந்தாலும்.

அறிகுறி: ஒரே ஊர்க்காரர் தங்களுக்குள்ளேயே பாஸ்

ஒரு கரையிலிருந்து ஆறு பேரை மொத்தமாக எடுத்தால் இது நடக்கும். தனியாக ஒருவனை எடுத்தாலும் அவன் ஒட்டமாட்டான். ஊருக்கு இரண்டு அல்லது மூன்று பேர் என்று வையுங்கள். கடற்கரைப் பையனையும் உள்நாட்டுப் பையனையும் ஒரே பக்கத்தில் பேக், விங் என்று ஜோடியாக நிறுத்துங்கள். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆட முடியாத இடம் அது.

அறிகுறி: நல்ல ஆளாகத் தேறியவுடன் போய்விடுகிறார்

போகட்டும், போக உதவுங்கள். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டிக்கு ஆடி, ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2019-20-இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்ற ஏடிகே அணி வரை போனார். இந்த அணிக்குப் போனால் மேலே போகலாம் என்ற பேச்சு கரையில் பரவினால், அடுத்த ஜூனில் நீங்கள் தேடிப் போக வேண்டாம், தேடி வருவார்கள். 22 பேரில் ஐந்து பேர் 18 வயதுக்குக் கீழே இருக்கட்டும். தேறியவர் நிற்கும் இடத்தில் மாற்றாளாக அவர்களில் ஒருவன் எப்போதும் பழகிக்கொண்டிருக்க வேண்டும்.

அறிகுறி: எடுத்த ஆளை இறக்க முடியவில்லை, பதிவு நிற்கிறது

அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சி.ஆர்.எஸ். இணையப் பதிவில் பெரும்பாலும் இடிப்பது பெயர். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றில் ஒன்று, ஆதாரில் தந்தை பெயர் முன்னால் ஏறி இன்னொன்று. எடுத்த அன்றைக்கே பிறப்புச் சான்று, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதலையும் அப்போதே வாங்கிவிடுங்கள். பிறந்த வருடம் மூன்றிலும் ஒத்துப்போகாத பையனை வயதுப் பிரிவுப் போட்டியில் இறக்கவே கூடாது. பிடிபட்டால் தடை அவன்மேல் விழும்.

கேரளத்தில் ஆடி வந்தவரிடம், "அங்கே எந்த கிளப்பிலாவது உன் பெயரைப் பதிவு போட்டாங்களா மக்ளே?" என்று கேளுங்கள். சிலருக்கே தெரியாமல் பதிவு இருக்கும். இருந்தால் பழைய கிளப் விடுவித்து, மாநிலம் மாறும் இடமாற்றம் முடிந்த பிறகே உங்கள் பெயரில் ஏறும். ஆதார் திருத்தமும் இந்த இடமாற்றமும் நாள் பிடிக்கும் வேலை. ஜூன் செலக்‌ஷன் முடிந்த கையோடு தொடங்கினால் மழை விட்டு லீக் ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் கையில் கிடைக்கும்.